கண் மூடிய முனியாண்டி

ஆவணி 14, வியாழன். உலு திராம் ரப்பர் தோட்டம்.

கோயில் சுவரில் மழைக்கு அழிந்துபோன முனியாண்டியை மறுபடி வரையச் சிங்கப்பூரிலிருந்து ஓவியரைக் கூட்டிவந்த மேதாவி, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் நான்தான். அந்த ஆள் புத்தர் படங்களின் பாணியில் வரைபவராம். இன்று திரையை விலக்கினார். சாமிக்கு மீசை இல்லை, அரிவாளும் இல்லை. கண்ணை மூடிப் புன்னகைக்கிறார்.

"என்ன கிராணி ஐயா, காவல் சாமியே தூங்குது? புலி வந்தா யாரு எழுப்புறது?" என்றாள் பால் வெட்டும் மாரியாயி. சனமெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

"கோபம் இல்லாமலும் காக்கலாம்," என்றார் ஓவியர். போன வாரம் புலி மாட்டை இழுத்துப்போன அன்று இந்த ஞானி என் வீட்டுக் கட்டில்மேல் ஏறி நின்று நடுங்கியதைப் பார்த்தவன் நான். அவருக்கு முன்னால் ஏறியவனும் நான்தான்.

நாளைக்கே சாமிக்குக் கண்ணைத் திறந்து, மீசையும் வைத்துவிட்டு ஊர் போய்ச் சேரும்படி ஓவியரிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சின்ன மகளைக் காணோம். பழைய முனியின் முழிக்குப் பயந்து அந்தப் பக்கமே போகாதவள், இன்று கோயிலில் தனியாக உட்கார்ந்து சாமியிடம் கதை பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சாமி நல்ல சாமிப்பா. நாளைக்கும் வரேன்னு சொல்லியிருக்கேன்."

மீசை விஷயத்தை அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. புலி இல்லாமலே மறுபடியும் கட்டில்மேல் ஏறி நிற்கிறேன்.