மதியம் ஒயின் தோட்டம், மாலையில் படகு

திருக்காட்டுப்பள்ளி,
கார்த்திகை 12

அன்பு மகன் மதியழகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம் என்று முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். நீயும் மருமகள் தேன்மொழியும் என் பேத்தி இனியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாதிப் பேச்சை அவரே பேசிவிடுகிறார், மீதிப் பாதியில் நீ ஏதாவது கிண்டல் செய்து என் வாயை அடைத்துவிடுகிறாய். எதிர்வீட்டுக் கமருன்னிஸா அக்கா மகளைப் பார்க்க மெல்போர்ன் வருகிறார், அவர் பெட்டியில் பருப்புப் பொடியோடும் நார்த்தங்காய் ஊறுகாயோடும் இதை வைத்து அனுப்புகிறேன். ஊறுகாயை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டாலும் கடிதத்தைப் பிடுங்க மாட்டார்கள். நான்தான் அடுத்த மாதம் நேரில் வரப்போகிறேனே என்று பார்த்தால், அதற்குள் நீ லீவுப் பயணத்துக்கு எல்லாப் பணமும் கட்டி முடித்திருப்பாய்.

அப்பா என்னோடு வருவது நடக்காது போலிருக்கிறது. புறவழிச்சாலைக்கு அளக்க வந்தவர்கள் பால் பிடிக்கப்போகிற சம்பாவுக்கு நடுவே கல் நட்டதும், இவர் அதைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டதும் உனக்குத் தெரியும். அதற்காக இவர் மேல் போட்ட வழக்கு முடியாமல் பாஸ்போர்ட் வராது என்று விசாரிக்க வந்த ஏட்டு சொல்லிவிட்டுப் போனார். பண்ணையில் கூலிக்கு நின்ற உன் தாத்தாவுக்கு நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த ஒரு ஏக்கர், அதில் பாதி ரோட்டுக்குப் போகிறது. நிலம் போவதைவிட, நம்ம கட்சி ஆட்சியிலயே நம்ம வயல்ல கல்லு நடுறானுவளே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. உனக்குப் பெயர் வைத்ததே கட்சி மேடையில்தான். யந்திரம் வயலில் இறங்கினால் குறுக்கே படுத்துவிடுவேன் என்று கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் இல்லாத நேரத்தில் படுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்தான். ஆனால் இங்கே ஊரே இருக்கிறது, நாலு பேர் இழுத்துப் போட்டுவிடுவார்கள். உன்னை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ போட்டு அனுப்பிய திட்டத்தைத் தேன்மொழி தமிழில் சொல்லி எனக்குக் குரல் பதிவாக அனுப்பினாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். முதல் நாள் பலூனில் ஏறுவது, அடுத்த நாள் மலையில் கயிறு கட்டி இறங்குவது, அதையெல்லாம், பயிற்சி கொடுத்த ஆள் கூடவே இருப்பார் என்று தேன்மொழி சொன்னதால் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் கதை வேறு. காலையில் ஒரு ஒயின் தோட்டம், மத்தியானச் சாப்பாடு இன்னொரு ஒயின் தோட்டத்தில், அங்கே பல தினுசு ஒயினை ஊற்றித் தந்து ருசி பார்க்கச் சொல்வார்கள், அது முடிந்ததும் மர்ரே ஆற்றில் படகு. அந்தப் படகை ஓட்ட ஆளும் கிடையாதாம், நீயே துடுப்புப் போடுவாயாம், முன்னால் இனியா உட்காருவாளாம். தங்கும் இடங்களைக்கூட ஒயின் எங்கே நன்றாக இருக்கிறது என்று பார்த்துத்தான் பிடித்திருக்கிறாய். உன் அப்பாவுக்கு இதில் பெருமை வேறு. அது சாராயம் இல்லடி, திராட்சை ரசம், வெள்ளக்காரன் சோத்துக்குத் தொட்டுக்கிற மாதிரி குடிக்கிறான் என்று எனக்குப் பாடம் நடத்துகிறார். நீ குடிப்பாய் என்று நான் உன்னைக் குறை சொல்லவில்லை மதி. நாற்பதை நெருங்குகிறாய், உன் உழைப்பில் நீ ஒரு வாய் ருசி பார்த்தால் எனக்கு என்ன. எனக்குப் பயம் அந்தத் திட்டத்தின் வரிசையைப் பார்த்துத்தான். அதே வரிசையில் ஒரு நாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

உன் காத்தான் மாமாவும் இப்படித்தான் திட்டம் போடுவார். என் கூடப் பிறந்த அண்ணன் என்பதால் சொல்லவில்லை, வேனைப் பேசுவது, எந்த ஊரில் காலைப் பலகாரம், எங்கே நிழலில் நிறுத்துவது என்று அவரைப்போல ஏற்பாடு செய்ய நம் சொந்தத்தில் ஆள் கிடையாது. நம் தெருவில் யாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தாலும் திருக்கடையூரில்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார். எல்லோரும் பக்தி என்று நினைத்தோம். திருக்கடையூரைத் தாண்டினால் தரங்கம்பாடி, அதைத் தாண்டினால் காரைக்கால். காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருக்கிற ஊர், பாட்டில் அங்கே மலிவு. தாலி கட்டி முடிந்ததும் பெண்களைத் தரங்கம்பாடிக் கடற்கரையில் சோற்று மூட்டையோடு இறக்கிவிட்டு ஆண்கள் வேனோடு காரைக்கால் போய்வருவார்கள். வந்ததும் கடலில் குளியல், அப்புறம் சாப்பாடு. கோயில் பிரயாணம் என்று பேர், வழியைத் தீர்மானிப்பது என்னவோ கடைதான். நாங்களும் சிரித்துக்கொண்டே புளிச்சோறு பிரித்து வைப்போம்.

உன் சின்னத் தாத்தா ஐயாவு அறுபதாம் கல்யாணத்தன்றும் அப்படித்தான் நடந்தது. உனக்கு ஏழு வயது. அங்கே ஐஸ் வாங்கித் தின்றது மட்டும்தான் நினைவிருக்கிறது என்று நீ சொல்வாய், நானும் அதோடு விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். அண்ணன் அன்றைக்குத் தள்ளாடவில்லை. கொஞ்சம்தான் குடித்திருந்தார், பேச்சுக் குழறவில்லை, முகம் மட்டும் மலர்ந்திருந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதே இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தின மனுஷர். அப்போதும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்காமல் இறங்க மாட்டார். அன்றைக்கு நிற்கவில்லை, பார்க்கவில்லை. வாடா மாப்ளே, கப்பலு பாக்கலாம் என்று உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நேரே இறங்கிவிட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அண்ணன் கையில்தானே பிள்ளை இருக்கிறான் என்று இருந்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நீ கத்த ஆரம்பித்தாய். அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கடற்கரையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாய். பயந்தாங்கொள்ளிப் பயலே என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உன்னை என் மடியில் போட்டுவிட்டு, மறுபடி போனார். அப்படிப் போனவரை மறுநாள் மீனவர்கள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் குடி அவரைக் கீழே விழவைக்கவில்லை மதி. அவரிடம் இருந்த பயத்தை மட்டும் எடுத்துவிட்டது.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரிப்பார்கள், மாமா சொன்ன கடைசி வார்த்தை என்பதால் அது உனக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. அது உனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இனியாவை எதற்கும் பயப்படாத பிள்ளையாக வளர்க்கிறாய். நாலு வயதிலேயே நீச்சல் குளத்தில் தள்ளிவிட்டாய், மரம் ஏறச் சொன்னாய், நாய் குரைத்தால் எதிரே போய் நிற்கிறாள். போனில் பார்க்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ பிழைத்தது நீ அழுததால். அவள் அழ மாட்டாள். உன் முகம் மலர்ந்திருந்தால் அவளுக்கு அது போதும், ஆற்றின் நடுவுக்குக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டு வருவாள்.

ஒயின் தோட்டத்துக்கே போகாதே என்று சொல்ல நான் யார். நானும் வருகிறேன், அந்தத் திராட்சைக் கொடியை எப்படிக் கட்டுகிறார்கள், தண்ணீர் எப்படி விடுகிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான், பார்த்து வந்து சொல் என்று அப்பாவும் கேட்டிருக்கிறார். வரிசையை மட்டும் மாற்று. படகைக் காலையில் வை. தண்ணீரை விட்டு ஏறி, தலை துவட்டி, அப்புறம் நீ எந்தத் தோட்டத்தில் எதை ருசி பார்த்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். கார் ஓட்டுவதற்கும் அன்றைக்கு ஒரு ஆளை அமர்த்திக்கொள். துடுப்புப் போடவும் அந்த ஆறு பழகின ஒருவன் இருக்கட்டும். மிதக்கிற சட்டையை இனியாவுக்கு மட்டும் மாட்டாமல் நீயும் மாட்டிக்கொள், எனக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லாதே, எனக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

தேன்மொழி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல், இரும்பு மாத்திரையை விட வேண்டாம். இனியாவுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் குறையில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் கண் மூட வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வரிசையை மாற்ற முடியாது, எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது என்றால், அந்தப் படகில் எனக்கும் ஒரு இடம் போடு. எனக்கு நீச்சல் தெரியாது, இருந்தாலும் ஏறுவேன். கரையை விட்டு ஒரு முழம் நகர்ந்ததும் அந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஓடி வருகிற மாதிரி வாய்விட்டு அழுவேன். உனக்கு வெட்கமாக இருக்கும், இருக்கட்டும், நீ திரும்பிவிடுவாய்.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்சம் துரைராசு