வாசலுக்கு மட்டும் ஒரு பத்தி

அண்ணை,

இன்று எங்கள் தெருவில் குப்பை எடுக்கிற நாள். உங்களுடைய பெரிய பத்திக் கூடாரத்தைப் பையோடு கராஜுக்குள்ளிருந்து இழுத்துவந்து றோட்டோரம் வைத்தேன். பையின் ஸிப் பிய்ந்து கிடந்தபடியால் இழுக்க இழுக்க உள்ளே இருந்த மணமும் கூடவே வந்தது. ஊறின துணி, கரி, ஆட்டிறைச்சிக் கறி, நுளம்புக்குப் பூசுகிற எண்ணெய். எத்தனை தரம் கழுவினாலும் கறி மணம் போகுதில்லை என்று அக்கா ஏசுவா. "அது கிடக்கட்டுமப்பா, வழி தெரியாமல் வாற சனம் மணத்தைப் பிடிச்சு வரும்" என்பீர்கள் நீங்கள்.

காம்பிங் போகிற ட்ரெய்லரின் பக்கத்தில் பூட்டுகிற அந்தக் கூடாரத்துக்குக் கடையில் ஓனிங் என்று பெயர். ஊரில் வீட்டோடு சேர்த்து இறக்குகிற பத்தியின் பெயரை நீங்கள்தான் அதற்கு வைத்தீர்கள். எங்கள் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் இன்றைக்கும் அதைப் பத்தி என்றுதான் சொல்லுகிறார்கள். அக்காவைக் கட்டியவர் நீங்கள், தங்கச்சியைக் கட்டியவன் நான். சகலன் முறைக்குப் பெயர் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கனடாவுக்கு வந்திறங்கிய நாளிலிருந்து என் வாயில் அண்ணைதான் வந்தது.

அந்தப் பத்தி ட்ரெய்லரின் முழு நீளத்துக்கும் ஓர் அறை மாதிரி நிற்கும். அதை எழுப்புவது லேசான வேலை இல்லை. ட்ரெய்லரின் மேல் விளிம்பில் இருக்கிற தவாளிப்புக்குள் துணியின் கரையை நுழைத்து, ஒருவர் ஊட்ட மற்றவர் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பாதியில் சிக்கும். பிறகு கம்பிகள், கயிறுகள், ஆணிகள். "தம்பி, இழுத்துப் பிடியும். துணியை விடாதையும்" என்று நீங்கள் ஒரு மூலையில் நிற்பீர்கள். நான் வியர்த்து வழிந்து மறு மூலையில் நிற்பேன். அது எழும்பி முடிய முதலே ஸ்காபரோவிலிருந்து எங்கள் சனத்தின் கார்கள் வரத் தொடங்கிவிடும். ஓரிடத்துக்கு இத்தனை பேர்தான் என்று அந்த ஏரிக்கரைப் பார்க்கில் சட்டம் இருந்ததால், நீங்கள் பக்கத்துப் பக்கத்தில் நாலு இடம் பிடித்து வைத்திருப்பீர்கள். பெரிய சட்டி, கதிரைகள், சீட்டுக்கட்டு, யாருடைய மாமியாரோ. ஏரிக்கரைக்குப் போய் ஏரியைப் பார்க்காமல் திரும்பி வருகிற ஆட்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

எனக்கு அது பிடிக்கவில்லை, அண்ணை. ஒரு நாளும் பிடிக்கவில்லை. கிழமை முழுக்க வேலையில் சத்தம், வார இறுதியில் மரத்துக்குக் கீழேயும் சத்தம். நீங்கள் பெரியவர் என்ற பெயருக்காகச் சனம் சேர்க்கிறீர்கள் என்று மனைவியிடம் பொருமுவேன். எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பின் நீங்கள் ட்ரெய்லருக்குப் பின்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு தனியே இருப்பீர்கள். "சனத்தைக் கூப்பிட்டுப்போட்டு ராசா ஒதுங்கீட்டார்" என்று அதையும் நக்கல் அடித்திருக்கிறேன்.

ஒரு முறை துணிந்து, ட்ரெய்லர் வாசலுக்கு மேலே மட்டும் பூட்டுகிற சின்னப் பத்தி ஒன்றை உங்களுக்குப் போனில் காட்டினேன். "பம்பாலை காத்தடிச்சால் தானே எழும்பும் அண்ணை. ரெண்டு கதிரை போடலாம். உங்கட முதுகுக்கும் சுகம்" என்றேன். நீங்கள் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு, "மழை வந்தால் எல்லாரும் எங்கை நிக்கிறது?" என்று கேட்டுத் திருப்பித் தந்தீர்கள். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

போன விண்டருக்குள் நீங்கள் போய்விட்டீர்கள். பனி கரைந்த பிறகு பையைத் திறந்து பார்த்தால், கூரைத் துணியை எலி அரித்து வைத்திருந்தது. தைக்க ஏலாது. அதைக் கண்டவுடன் எனக்குள் என்ன வந்தது தெரியுமா? கவலை இல்லை. 'அப்பாடா' என்று வந்தது. நீங்கள் போய் அரை வருஷம்கூட ஆகவில்லை, அண்ணை. அந்த எலிக்கு நன்றி சொல்லாத குறையாக நின்றேன்.

நானும் மனைவியும் கடைக்குப் போனோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார்கள். பெரியது, நீங்கள் வாங்கினது போலவே, ஒரு குடும்பம் படுத்தெழும்பலாம். சின்னது, மழைக்குச் சப்பாத்தைக் கழற்றி வைக்க, இரண்டு பேர் இருந்து தேத்தண்ணி குடிக்கக் காணும். எத்தனை பேர் போவீர்கள் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். ரெண்டு பேர் என்று சொன்னேன். யோசிக்கவே இல்லை, வாய் தயாராக இருந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. காருக்குள் ஏறின பிறகுதான் கேட்டாள். "அக்காவை விட்டாச்சோ?"

ஒன்றும் வாங்காமல் நேரே ஸ்காபரோவுக்கு, அக்காவிடம் போனோம். அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தா. மனைவி விஷயத்தைச் சொன்னாள், நான் 'ரெண்டு' என்றதை மட்டும் விட்டுவிட்டு. அக்கா தலையை ஆட்டினா.

"சின்னதை வாங்குங்கோ தம்பி. அவருக்கும் சின்னதுதான் விருப்பம்."

"அண்ணைக்கோ?" என்றேன்.

"ஓம். முதல்லை சின்னதுதான் பாத்து வைச்சவர். நானும் அவரும் மட்டும் போறது, ரெண்டு கதிரை, அவ்வளவுதான். அவருக்கெங்கை சனம் பிடிக்கும்? பிறகு நீங்கள் வந்தியள். வந்த புதிசிலை அந்தப் பேஸ்மென்ற் அறைக்குள்ளை ஒருத்தரோடையும் கதையாமல் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தியளே, அதைப் பாத்திட்டு வந்து எனக்குச் சொன்னவர், உவனுக்குச் சனம் வேணுமப்பா, இல்லாட்டி உவன் விசர் பிடிச்சுப் போடுவான் எண்டு. அடுத்த நாளே போய்ப் பெரிசை வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு சனம் பழகீட்டுது. வராதேங்கோ எண்டு ஆருக்குச் சொல்லுறது?"

அத்தோடு விட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன். அக்கா சிரித்துக்கொண்டு மற்றதையும் சொன்னா.

"நீங்கள் ஒருக்கால் போனிலை சின்னதைக் காட்டினனீங்களாம். அண்டைக்கு வீட்டை வந்து என்ன சந்தோசப் புளுகம் தெரியுமே? 'அவனுக்குச் சனமெண்டால் உயிர், என்ரை முதுகு நோகுதெண்டு விட்டுக்குடுக்கப் பாக்கிறான், பாவம். நான் விடுவனோ' எண்டு."

உங்கள் முதுகை நான் ஒரு சாட்டுக்குத்தான் இழுத்தேன். அதை அன்பென்று எடுத்துக்கொண்டு, நோகிற முதுகோடு இன்னும் எத்தனையோ கோடை அந்தக் கம்பிகளைத் தூக்கி நிமிர்த்தினீர்கள். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நடுவில் அந்தப் பெரிய துணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றிருக்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. நீங்கள் எனக்காகச் சனத்தைப் பொறுத்தீர்கள். நான் உங்களைப் பொறுத்தேன். இதை எழுதுகிறபோது காது சூடாகிறது, அண்ணை. வெட்கமாக இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று சொல்ல ஆசை. கேட்டிருக்க மாட்டேன். நீங்கள் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

சின்னதைத்தான் வாங்கினோம். அக்காவும் வருகிறா. ட்ரெய்லருக்குள் அக்காவும் தங்கச்சியும் படுப்பார்கள், எனக்கு வெளியே ஒரு கட்டில். அது அக்கா போட்ட சட்டம். மூன்று கதிரை போட்டுப் பார்த்தோம், முழங்கால் முட்டினாலும் கொள்ளுகிறது.

மற்றச் சனந்தான் மிச்சம். கோடை வருகிறது என்றவுடன் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த முறை எங்கே, எந்தப் பார்க், எத்தனை இடம் பிடித்தாயிற்று என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். முதல் ஆளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "அண்ணை இல்லாமல் அந்தப் பெரிசை எழுப்ப மனம் வருகுதில்லை" என்று சொல்லிவிட்டேன். "விளங்குது தம்பி. கூடப் பிறந்தவனும் இப்பிடி இருக்கமாட்டான்" என்றார் அவர். அடுத்தவருக்கும் அதையே சொன்னேன். இப்போது கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. போன ஞாயிறு கோயில் வாசலில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. சகலனுக்கு இப்படி உருகுகிற ஒருவனைத் தான் கண்டதில்லையாம்.

இல்லை அன்ரி, எனக்கு உங்கள் எல்லோரையும் கூப்பிட விருப்பமில்லை, அவர் இருக்கும்போதும் விருப்பமில்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் அன்ரி" என்றேன்.