ஷி-கியாவ் என்ற ஊர்

மார்ச் 3

கடைவாய்ப் பல் ஒன்று இன்று என்னைவிட்டுப் பிரிந்தது. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு பெருமை பேசத் தெரிந்தவன் மூவுலகிலும் நான் ஒருவனே. ஜெர்மன் மொழியைக் கரைத்துக் குடித்தவன் என்று உளறிவிட்டேன். பம்பு செட், பாய்லர் கையேடுகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலமாக்கித்தான் இத்தனை காலம் சோறு தின்கிறேன். குடித்தது உண்மை. கரைத்தேனா என்பது சந்தேகம்.

பல் டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், எங்க அப்பாவுக்காக ஒண்ணு மொழிபெயர்க்கணும்.”

அவருடைய அப்பாவை ஒரு ஜெர்மன் நர்ஸம்மா சீனாவில் ஒரு வெள்ளத்திலிருந்து தூக்கி வந்து இங்கே ஒரு விடுதியில் சேர்த்தாராம். கைக்குழந்தை. அந்தம்மா எழுதி வைத்த பயணக் குறிப்பு வீட்டில் இருக்கிறது. பெரியவருக்கு ஜெர்மனும் தெரியாது, சீனமும் தெரியாது. ஆங்கிலம் படிப்பார். பிறந்த ஊரைப் பார்க்க ஒரே ஒரு நீண்ட பயணத்துக்கு இதய டாக்டர் தலையாட்டியிருக்கிறார். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 8

பாய்லர் எவ்வளவு நல்ல பிராணி! சீன ஊர்ப் பெயர்கள் அப்படியில்லை. அந்தம்மா காதில் விழுந்ததை ஜெர்மன் வழக்கப்படி எழுதியிருக்கிறார். நானோ அதை இன்றைய ஆங்கில வரைபடத்தில் இருக்கிறபடி மாற்ற வேண்டும். நடுவில் இரண்டு அரசாங்கங்கள் வேறு ஊர்ப் பெயர்களை மாற்றி விளையாடியிருக்கின்றன. மூன்று அட்லஸ்களை விரித்து நடுவே அமர்ந்தேன். அக்கா எட்டிப் பார்த்து, “தரையைத் துடைக்கணும், உலகத்தைக் கொஞ்சம் மடிச்சு வை” என்றாள்.

மார்ச் 11

குழந்தை கைக்கு வந்த பக்கம் வந்துவிட்டது. ஷி-கியாவ். கல்பாலம் என்று பொருளாம். வெள்ளத்துக்குத் தப்பிய சனமெல்லாம் பாலத்தின் மேல் நிற்கிறது. ஒரு பெண் அந்தம்மாவின் கையில் குழந்தையைக் கொடுக்கிறாள். பெயர் கேட்பதற்குள் கூட்டம் தள்ளிவிடுகிறது.

அவ்வளவுதான். அந்தப் பெண்ணைப் பற்றி வேறெங்கும் ஒரு சொல் இல்லை. மாலை வரை வேறு வேலை ஓடவில்லை.

மார்ச் 14

வரைபடத்தில் அந்தப் பெயரில் எட்டு ஊர்கள்! கல்பாலம் இல்லாத ஊர் ஏது? பார்த்துப் பார்த்து ஒன்றைப் பிடித்தேன். படம் கூடக் கிடைத்தது. ஆறு, பேரிக்காய்த் தோப்பு, வளைவு வளைவாக ஒரு பழைய பாலம். வேறென்ன வேண்டும்? படத்தோடு பெரியவரிடம் ஓடினேன்.

“பாலம் இன்னும் இருக்கா, தம்பி?” என்றார் பெரியவர்.

“இருக்கான்னா கேக்குறீங்க? யானைப் படையே போகலாம்யா! தோப்புல ஒரு பேரிக்காய் விழுந்தா நாலு பேர் சேந்துதான் தூக்கணும்!”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

மார்ச் 15

டிக்கெட் எடுத்துவிட்டார்களாம்.

மார்ச் 21

அக்கா மகள் நில அளவைத் துறையில் இருக்கிறாள். வீட்டில் அவளுக்கு நான் சூட்டிய பட்டம் சர்வேயர் மகாராணி. என் மொழிபெயர்ப்பைச் சாப்பாட்டு மேசையில் படித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“மாமா, பாலத்தைத் தாண்டினதும் ஆத்தோட போக்குலயே நடந்தாங்கன்னு இருக்கு. காலையில முழுக்க வெயில் கண்ணுல அடிச்சுதாம்.”

“ஆமா. வெயில்னா அடிக்கத்தான் செய்யும்.”

“அப்ப ஆறு கிழக்கே போகுது. நீங்க சொன்ன ஊர்ல ஆறு மேற்கே போகுதே.”

மேற்கேதான் போகிறது. தோப்பையும் வளைவையும் பார்த்துச் சொக்கிப்போனவன் ஆற்றைப் பார்க்கவில்லை.

மீதி ஏழையும் அவளே சலித்தாள். ஆறும், குறிப்பில் வருகிற மலைக் கணவாயும் ஒத்துப்போவது ஒன்றே ஒன்று. பழைய வரைபடத்தில் சின்னப் புள்ளியாக இருக்கிறது. புதியதில் அந்த இடம் நீலம். அணை கட்டியிருக்கிறார்கள். ஊர் நீர்த்தேக்கத்துக்கு அடியில்.

மார்ச் 22

சொல்லவில்லை.

மார்ச் 23

ஒரே ஒரு சொல். ‘கண்ணில்’ என்பதை ‘முதுகில்’ என்று மாற்றினால் ஆறு மேற்கே ஓடும். ஜெர்மனைப் படிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? கிழவர் ஒரு பாலத்தில் நிற்பார், பேரிக்காய் தின்பார், நிம்மதியாகத் திரும்புவார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆயுசு முழுக்க அளந்துவிட்டவன்தானே நான், இன்னும் ஒரு படி அளந்தால் என்ன குடிமுழுகிவிடும்?

ஆங்கிலத்தில் மாற்றிவிட்டேன். படிக்க நன்றாகவே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மகாராணி பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

“அங்க போய் அவர் அழுவார்ல மாமா?”

“அழுவாரு. அதுக்குத்தானே போறாரு?”

“யாரோட அம்மாவுக்காக?”

என்ன பொண்ணுடி நீ... இப்பிடியா கேப்ப?

மாற்றியதை அழித்தேன்.

மார்ச் 25

போனேன். வழியெல்லாம் நூறு முன்னுரை தயாரித்தேன். அவர் கதவைத் திறந்ததும் அத்தனையும் போய்விட்டது. “ஐயா, நான் சொன்னது தப்பு. அந்த ஊர் தண்ணிக்குள்ள இருக்கு” என்றேன்.

டாக்டர்தான் முதலில் பேசினார். “அவர் அந்தப் படத்தைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குறார் சார். நல்லாப் பாத்துட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?” உட்காருங்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பெரியவர் என்னைப் பார்த்து, “யானைப் படை?” என்றார்.

“அது என்னோடதுய்யா. பாலம் மட்டும்தான் அந்தம்மா எழுதினது.”

“அந்தப் பொண்ணு?”

“அவங்களும் அந்தம்மா எழுதினதுதான்.”

தலையாட்டினார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 30

தகவல் இல்லை. பாய்லர் கையேடு ஒன்று வந்திருக்கிறது. வால்வை இடப்பக்கம் திருப்பவும் என்ற ஒரு வரியை ஐந்து முறை சரிபார்த்தேன்.

ஏப்ரல் 6

டிக்கெட்டை ரத்து செய்யவில்லையாம். வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்களாம். டாக்டர் போனில் இதைச் சொன்னார். குரலில் இன்னும் கோபம் இருக்கிறது. இருக்கட்டும். நீர்த்தேக்கத்தில் படகு கிடைக்கும் இடத்தை மகாராணி குறித்துக் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 20

காலையில் போன். பெரியவரே பேசினார்.

“தம்பி, படகுல இருக்கேன். சர்வேயர் பொண்ணு சொன்ன இடத்துல இஞ்சினை நிறுத்தச் சொல்லிட்டேன். தண்ணிதான். வேற ஒண்ணும் தெரியல.”

ஜெர்மன் குறிப்பின் நகல் இன்னும் என் மேசையிலேயே கிடந்தது.

“அந்தப் பக்கத்தைப் படிங்க. இங்கிலீஷ் என்கிட்ட இருக்கு. அந்தம்மா எழுதினபடியே படிங்க.”

ஜெர்மனில் படித்தேன். மழை, சேறு, தொலைந்துபோன கோவேறு கழுதை. அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஷி-கியாவ் என்று நான் சொன்னதும், “கொஞ்சம் நிறுத்துங்க” என்றார்.

நிறுத்தினேன். படகின் பலகையில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அடுத்த வரியில்தான் அந்தப் பெண் வருகிறாள்.

“ம்... படிங்க” என்றார்.

மெதுவாகப் படித்தேன்.