கையும் நெஞ்சும் ஒரே ஆளுடையவை என்று தெரிவிக்கும் மனு

அனுப்புநர்:
ஜன்னலோரப் படுக்கை நோயாளியின் மகன்,
டயாலிசிஸ் பிரிவு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் அப்பாவின் கையையும் இதயத்தையும் ஒரே நாளில், ஒரே அறையில் பார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மருத்துவமனை லிஃப்டில் தொங்கிய ‘பழுது’ என்ற பழைய அட்டை அகற்றப்பட்டு, ‘பழுது’ என்ற புத்தம்புதிய அட்டை மாட்டப்பட்டுள்ளது என்னும் மகிழ்ச்சியான செய்தியை முதற்கண் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. ஆகவே என் அப்பா படியேறித்தான் டயாலிசிஸுக்கு வருகிறார். பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். மூச்சு வாங்குகிறது என்றால், படியேறினால் யாருக்குத்தான் வாங்காது என்கிறார்கள். எங்கள் வீட்டில் படியே இல்லை. அங்கும் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார்.

2. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவருடைய இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்தார்கள். தொட்டால் உள்ளே வண்டு சுற்றுவதுபோல் அதிரும். டெக்னீஷியன் அண்ணன், “இது கை இல்லடா, மோட்டாரு! இந்த வார்டுலயே உங்கப்பாதான் ஃபர்ஸ்ட்டு” என்பார். அம்மா அதை அக்கம்பக்கமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அதிர்வு கூடக் கூட எங்களுக்குச் சந்தோஷமும் கூடியது. அந்த மோட்டாரை ஓட்டுவது அப்பாவின் நெஞ்சுதான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

3. இதய மருத்துவர் ஸ்கேனைப் பார்த்து, “இதயம் வீங்கியிருக்கு. கையில அளவுக்கு மேல ரத்தம் ஓடுறதும் காரணமா இருக்கலாம். ஆனா கை எங்க டிபார்ட்மென்ட் இல்லப்பா” என்று கையை விரித்தார். சிறுநீரக மருத்துவர் அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்து, “கை அருமையா இருக்கு. நெஞ்சுக்கு அங்கதான் கேக்கணும்” என்றார். இருவருக்கும் இடையே ஒரே ஒரு மாடிதான், ஐயா. அதையும் அப்பாதான் ஏறி இறங்குகிறார்.

கையிலுள்ள ஃபிஸ்டுலாவை மூடினால் டயாலிசிஸ் நிற்கும். இப்படியே விட்டால் இதயம் நிற்கும். எது நிற்கலாம் என்று படிக்கட்டில் உட்கார்ந்து நாங்கள் முடிவுசெய்ய முடியாது. ஆகவே, ஃபிஸ்டுலாவில் ஓடும் இரத்தத்தை அளந்து, அந்தக் குழாயைக் குறுக்க வேண்டுமா என்பதை இரு மருத்துவர்களும் சேர்ந்து பேசி முடிவு சொல்லுமாறு ஆணையிட வேண்டுகிறேன். தவறினால், எங்கள் பத்தாம் வகுப்பு மொத்தமும் திரண்டு வந்து தங்கள் அறை வாசலில் அமரும் என்பதையும், நான் யாருக்கும் பயந்தவன் அல்ல என்பதையும் எச்சரிக்கையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உள்ள பெஞ்சு
நாள்: செவ்வாய்க்கிழமை, அப்பா உள்ளே இருக்கும்போது

(கையெழுத்து)
மேற்படி நோயாளியின் மகன்

பி.கு.: வகுப்பு வராது, ஐயா. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. தாங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் வியாழக்கிழமை நாங்கள் இங்கேதான் வந்தாக வேண்டும். எச்சரிக்கை என்று எழுதியதை அடித்துவிடுங்கள். கோபம் வந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுங்கள். அப்பாவுக்கு ஊசி போடுகிறவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.