பானெட்டைத் திறக்காமல் வாங்கிய வண்டி

போர்ட் பிரி,
ஜூன் 11

அன்பு மகள் கெரினுக்கு அப்பா மெர்வ் எழுதுவது. ஸ்காட்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. நான் இருக்கிறேன், மூச்சு ஓடுகிறது, அவ்வளவுதான். உன் தம்பி டார்சி மறுபடி போலீஸ் காவலில் இருக்கிறான். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், அதில் உன் தப்பு ஒன்றுமில்லை, அதனால்தான் கடிதம். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடு.

பாரில் ஒருவனை அடித்து மண்டையை உடைத்ததற்காக உள்ளே போனவன் பரோலில் வெளியே வந்து ஏழு மாதம் ஆகிறது. யார்மேலாவது கை வைத்தால் மிச்சமிருக்கும் இரண்டு வருடமும் உள்ளேதான், அதற்கப்புறம் அவன் மகள் ஐவியை அவள் அம்மா இவன் கண்ணில்கூடக் காட்டமாட்டாள். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒழுங்காக இருந்தான் அம்மா, பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்து அத்தனையும் சேர்த்து வைத்தான். வாராவாரம் அடிலெய்டு போய் ஐவியைக் கூட்டிவர ஒரு வண்டி வேண்டும் என்றான். சாதாரண வண்டி வாங்கித் தொலைத்திருக்கலாம். துரைக்கு எட்டு சிலிண்டர் ஜெர்மன் வண்டிதான் வேண்டும், தோல் இருக்கை, மிதித்தால் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும் வேகம். புதிதில் டாக்டர்கள் ஓட்டியது, மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தபின் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வரும் வண்டி. விற்றவன் ட்ரெவர், பத்து வருடம் நம் ஃபுட்பால் கிளப்புக்குப் பின்வரிசையில் நின்று ஆடியவன்.

இங்கேதான் நான் கெடுத்தேன். அவன் வீட்டுக்குப் போனதும் ஆளுக்கொரு பியரைக் கையில் கொடுத்துக் கோப்பை ஜெயித்த கதையை ஆரம்பித்துவிட்டான். டார்சி பானெட்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு என் காதில், “அப்பா, சூடா இருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கான். திறந்து பாத்துடட்டுமா?” என்றான். என்ஜினுக்குள் செயின் தேய்ந்திருந்தால், குளிர்ந்த வண்டியைக் கிளப்பும்போது கடகடவென்று சத்தம் வரும், சூடானால் அடங்கிவிடும், அது அவனுக்குத் தெரியும். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். “கையை எடுடா, நம்ம கிளப் ஆளு வண்டியைத் திறந்து பாப்பியா? என் மானத்தை வாங்காதே” என்றேன். இந்த ஊரில் சொந்த கிளப்காரனின் பானெட்டைத் தூக்குவது அவன் முகத்தில் துப்புவது மாதிரி, உனக்குத் தெரியாததா. அவனும் திறக்காமலே பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

வண்டி வாங்கிய ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, ஐவியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் வரும்போது அந்த செயின் அறுந்தது. என்ஜின் இறுகி நின்றுவிட்டது, பின்னால் வந்த லாரி இடித்து வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பள்ளத்தில் எறிந்தது. டார்சிக்குச் சிராய்ப்போடு போயிற்று, ஐவியின் தொடை எலும்பு இரண்டாக உடைந்து வெளியே வந்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தை. ஆஸ்பத்திரியில் அவள் கத்திய கத்தலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சத்தம் கேட்காமலிருக்கத் தடித்த ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், மூடியைத் திறந்தாலே தெரிந்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னான்.

மறுநாள் மதியம் மைதானத்தில் மேட்ச். ட்ரெவர் கிளப் கடையில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். நான் போய், குழந்தை காலை உடைச்சிட்டியே பாவி என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மூணு லட்சம் ஓடின கிழட்டு வண்டிய வாங்கிட்டு இப்ப வந்து ஒப்பாரி வைக்கிறியே மெர்வ். பானெட்டைத் திறக்க வேணாம்னு நானா சொன்னேன்?” என்றான். அந்த நேரம் பார்த்து டார்சி கேட்டுக்குள் நுழைவதைக் கண்டேன். நேரே எங்களைப் பார்த்து வந்தான், கை முஷ்டி பிடித்திருந்தது. இருபது அடிதான். அவன் கை ட்ரெவர்மேல் பட்டால் எல்லாம் போச்சு.

அதே நொடியில் நம் பையன்கள் கோல் அடித்தார்கள். மைதானத்தைச் சுற்றி நிற்கும் கார்கள் எல்லாம் வழக்கம்போல ஹாரனை அலறவிட்டன, சனம் முழுக்க மைதானத்தைப் பார்த்துக் கத்தியது. நான் அடுப்புத் தகட்டைச் சுரண்டும் இரும்புக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து ட்ரெவரின் தாடையில் இறக்கினேன். எலும்பு போனது கைக்குத் தெரிந்தது. முதல் அடி டார்சிக்காக. விழுந்தவனை அடித்த இரண்டாவதும் மூன்றாவதும் எனக்காக, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன், அடிக்க அடிக்க நன்றாக இருந்தது. டார்சிதான் ஓடிவந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். “போதும்பா, விடுங்கப்பா, செத்துடப் போறான்” என்று அழுதான். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான். ஹாரன் ஓய்ந்து சனம் திரும்பியபோது கரண்டி அவன் கையில், ரத்தம் அவன் சட்டையில்.

நான்தான் அடித்தேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். போலீஸ்காரப் பையன், “தள்ளி நில்லுங்க பெரியவரே, மகனைக் காப்பாத்தப் பொய் சொல்ற முதல் அப்பன் நீங்க இல்ல” என்று சொல்லிவிட்டு டார்சிக்கு விலங்கு போட்டான். ட்ரெவர் தாடைக்குக் கம்பி கட்டிப் படுத்துக்கொண்டு, டார்சிதான் என்று எழுதிக் காட்டியிருக்கிறான். அறுபத்தேழு வயதுக் கிழவன் தன்னை வீழ்த்தினான் என்று இந்த ஊரில் அவன் ஒப்புக்கொள்வானா? வக்கீலும் கையை விரிக்கிறார். உங்கள்மேல் இதுவரை ஒரு புகார்கூட இல்லையே, நீங்கள் அடிக்கிற ஆள் என்று கோர்ட் எப்படி நம்பும் என்கிறார்.

புகார் இல்லாததற்குக் காரணம் உன் அம்மா கொடுக்கவில்லை என்பதுதான். அவளும் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. உன் பதினோராம் வயதில் நான் வாணலியால் அவள் முன்கையை உடைத்தேன். ஈரத்தில் வழுக்கி விழுந்தேன் என்று அவள் டாக்டரிடம் சொன்னபோது நீ பக்கத்தில் நின்றாய். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு தூரம் போனாய். பொய் ஒன்றும் எழுத வேண்டாம் கண்ணு. பார்த்ததை எல்லாம் தேதியோடு எழுது, எனக்காக ஒன்றையும் குறைக்காதே, அங்கே ஒரு வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஐவிக்கு ஆபரேஷன் முடிந்தது, நடந்துவிடுவாள் என்கிறார்கள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டியைக் குறைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நூறு வருடம் நன்றாக வாழ வேண்டும், என் ஆசீர்வாதத்துக்கு மதிப்பு உண்டோ இல்லையோ, அது எப்போதும் உண்டு. விசாரணை அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி, அதற்குள் தாள் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல இனி நீ ஒருத்திதான் இருக்கிறாய். சொல்லிவிடு அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
மெர்வ் ஹால்டேன்