ரோபோவுக்கு ஒரு மரண அறிவித்தல்

மரத்தூளும் நல்லெண்ணெயும் மணக்கும் என் சித்தப்பாவுக்கு,

நீங்கள் செத்து ஒரு வருசமாகிறது. உங்கள் ஆட்டைத்திவச மலருக்குப் பெரியவர்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அமைதியானவராம், எறும்புக்கும் தீங்கு நினையாதவராம். வாசித்தபோது வேறு யாருடைய மலரோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். என் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் உயிரோடு நத்தை விட்ட ஆள் நீங்கள்தானே?

கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. சண்டை பிடித்து அதை வாங்கினேன். "பகிடி விடாமல் எழுது" என்று அப்பா சொன்னார். சரி, பகிடி விடவில்லை. பழி வாங்கப்போகிறேன்.

நீங்கள் வேலை செய்த தச்சுப் பட்டறையை விட்டு ஏன் போனீர்கள் என்பது இதை வாசிக்கிற மாமாமாருக்கும் மாமிமாருக்கும் தெரியும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். "ரோபோ வந்து வேலையைப் பறிச்சுப்போடும் எண்ட பயத்திலை மனுசன் அதை உடைச்சுப்போட்டார்." இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் தமிழ்ச்சனம் கூடுகிற இடமெல்லாம் இதுதான் கதை. உங்கள் செத்தவீட்டிலும் ஒரு மூலையில் இருந்து இதைத்தான் குசுகுசுத்தார்கள். கோப்பி ஊற்றிக் கொடுத்தது நான். அந்த மூலைக்கு மட்டும் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டேன். அன்றைக்குக் கோப்பி ஏன் அப்படி இருந்தது என்று இன்னும் யோசிக்கிறவர்களுக்கு இதோ பதில்.

அந்த மெசின் வந்த நாள் நினைவிருக்கிறதா? வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஒழுங்கையே திரண்டு வந்து பார்த்தது. கொம்பியூட்டரில் படம் கீறிக் கொடுத்தால் மரத்தைத் தானே வெட்டித் தானே துளை போடும் பெரிய இரும்புக் கை. எல்லோரும் அதை ரோபோ என்றுதான் சொன்னார்கள். அன்றிரவு சாப்பிடும்போது சித்தி கேட்டா:

"உது உங்கட வேலையைப் பறிச்சுப்போடாதோ?"

"பறிக்கட்டுமன். முதல்லை பலகை தூக்கிற வேலையைப் பறிக்கட்டும், என்ர நாரி எலும்பு முறியாமல் தப்பும்."

"நான் பகிடிக்குக் கேக்கேல்லை."

"நானும் பகிடிக்குச் சொல்லேல்லையப்பா. வெட்டுறதை அது வெட்டட்டும். கதவைத் தோளிலை வைச்சுக்கொண்டு மூண்டாம் மாடிக்கு ஏறி, அந்த வீட்டுச் சிஞ்ஞோரான்ர நாய்க்குத் தப்பி, கோணல் சுவருக்கு ஏத்தமாதிரிச் சீவிப் பூட்டிப்போட்டு வர அதுக்குக் காலும் இல்லை, வாயும் இல்லை."

ரோபோ என்ற பெயரிலேயே ஒரு 'போ' இருக்கிறது, கவனம் என்று நான் சொன்னேன். நீங்கள் புரைக்கேறச் சிரித்தீர்கள். நான் சொன்ன பகிடிகளிலே பிறகு எனக்குப் பிடிக்காமல் போனது அது ஒன்றுதான்.

பிறகு ஆயுத பூசை வந்தது. வேலை முடிந்ததும் உளி, சீவுளி, வாள், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்துப் பட்டறையிலேயே ஒரு பலகையில் அடுக்கினீர்கள். நானும் கதலிப்பழத்தோடு வந்திருந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு ரோபோவைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள்.

"இதுக்கு நெத்தி எதடி?"

"அதுக்கும் பொட்டு வைக்கப்போறியளோ?"

"பின்னை? எங்களோடை நிண்டு வேலை செய்யிற சாமான். மற்றதுகளுக்கு வைச்சுப்போட்டு அதை மட்டும் விட்டால் அது என்ன நினைக்கும்?"

கையின் மேல்பக்கத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டீர்கள். பயந்தவனா பொட்டு வைப்பான்? உடைக்க நினைக்கிறவனா கும்பிடுவான்? உப்புக்கோப்பி குடித்தவர்களே, இதை நீங்கள் ஒருவரும் யோசிக்கவில்லையா?

அடுத்தநாள் காலையில் ரோபோ பாதி வெட்டில் நின்றுவிட்டது. முதலாளி சிஞ்ஞோர் நீனோ வந்தார், சந்தனத்தைப் பார்த்தார், பொறுப்பை உங்கள் தலையில் கட்டினார். வேலையாட்கள் எல்லோருக்கும் முன்னால், நீங்கள் பொறாமையில் மண்ணைப் பூசி மெசினைக் கெடுத்ததாகச் சொல்லி வேலையால் நிற்பாட்டினார். உங்களுக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், நேற்றுச் சுத்தியலுக்குப் பெருநாள் என்று விளக்கப் பார்த்தீர்களாம். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்களாம். அந்தப் பட்டறையில் நீங்கள் பட்ட அறை அதுதான், சித்தப்பா. கையால் அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

யாரும் சொல்லாத ஒன்றையும் இதில் எழுதிவிடுகிறேன். இங்கே இருப்பதற்கான அனுமதி, அதுதான் பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசில் காட்டுவதற்கு, இவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று எழுதித் தரும்படி அந்தக் கிழமைதான் முதலாளியைக் கேட்டிருந்தீர்கள். பதிவில்லாமல் ஆள் வைத்திருந்தவருக்கு அது தொண்டையில் முள். ரோபோவுக்குப் பெர்மெஸ்ஸோ தேவையில்லை. உங்களுக்குத் தேவைப்பட்டது.

மெசின் உடைக்கிற தமிழன் என்று பெயர் பரவியபின் வேறு பட்டறைக்காரர் யார் கூப்பிடுவார்கள்? சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் பழம் பிடுங்கப் போனீர்கள். குளிர் விடும் முன்பே, ஒரு மரத்தடியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள், பிறகு எழும்பவேயில்லை.

இனி நீங்கள் போனபிறகு இஞ்சை நடந்த புதினம்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் அந்தப் பட்டறை யன்னலை எட்டிப் பார்ப்பேன். ரோபோ நன்றாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வெட்டிய கதவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற, பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்து இரண்டு பேர் ரெயிலில் வருகிறார்கள். உங்கள் இடத்துக்கு ரோபோ வரவில்லை, சித்தப்பா. இரண்டு மனிதர் வந்திருக்கிறார்கள். இதைப் பார்த்த அன்றுதான் எனக்கு முழுக்க விசர் பிடித்தது.

இந்த ஊரில் ஆட்கள் செத்தால் கறுப்புக் கரை போட்ட கடதாசி அடித்துச் சுவரில் ஒட்டுவார்கள் அல்லவா? என்னோடு படிக்கும் சல்வோவின் தகப்பன் அதை அடிக்கிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தகப்பன் குறட்டை விட, நானும் சல்வோவும் அச்சடித்தோம். வாசகம் இத்தாலியன், ஆனால் முறை எங்கட முறை:

"மிலானோவைப் பிறப்பிடமாகவும் நீனோ பட்டறையை வதிவிடமாகவும் கொண்ட ரோபோ அவர்கள் சந்தனம் ஒத்துக்கொள்ளாமல் காலமானார். அன்னார் மின்சாரத்தின் பாசமிகு புதல்வரும், மரத்தூளின் உயிர்த்தோழரும், சிஞ்ஞோர் நீனோவின் ஒரேயொரு நம்பிக்கையும் ஆவார். கதவுக்குச் சொல்லிவைத்தவர்கள் அனுதாபத்துடன் வேறு கடை பார்க்கவும்."

ஊர் தூங்கும் அந்த நேரத்திலேயே ஒழுங்கை முழுக்க ஒட்டினோம். கடை திறக்கும்போது பட்டறை வாசலில் ஒரு கூட்டம். ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு முதலாளிக்கு அனுதாபம் சொன்னார். இன்னொருவர் பூவளையம் எந்த அளவில் வேண்டும் என்று கேட்டார்.

சிஞ்ஞோர் நீனோவின் முகம் தக்காளியானது. கதவு கேட்டவர்கள் உண்மையாகவே போய்விடுவார்கள் என்ற பயத்தில் நடு ஒழுங்கையில் நின்று கத்தினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மெசின் சாகேல்லை. அண்டைக்கும் சாகேல்லை. எலி கடிச்ச ஒரு வயர். அதை மாத்தின உடனை ஓடினது. சந்தனத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

நீங்கள் யன்னல் பூட்டிக் கொடுத்தீர்களே, நாய்க்காரச் சிஞ்ஞோரா, அவ பல்கனியில் நின்று எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டா:

"அப்ப ஏன் நீனோ அந்தத் தமிழனை அனுப்பினனி?"

பகேரியாக்காரர் இருவரும் தூக்கிவந்த கதவை நிலத்தில் வைத்துவிட்டு முதலாளியைப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய்விட்டார்.

இதெல்லாம் போன மாதம். போன ஞாயிறு சிஞ்ஞோர் நீனோ ஒரு தட்டு கன்னோலிப் பலகாரத்தோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். இவ்வளவு நீளமாய் மரண அறிவித்தல் எழுதுவது எந்தச் சனம் என்று அவருக்கு விளங்கியிருக்கும். நடந்தது நடந்துவிட்டது, தனக்கு வருத்தம்தான், சுவரில் மட்டும் இனி ஒட்டவேண்டாம் என்றார். சித்தி வாசலை விட்டு நகரவில்லை. என்னை மொழிபெயர்க்கச் சொன்னா.

"பழி சொன்னது பட்டறையிலை, எல்லாரும் நிக்கேக்கை. மன்னிப்பு என்ர வாசலிலையோ? பட்டறையிலை, அதே ஆக்கள் நிக்கேக்கை சொல்லட்டும். நான் வந்து கேக்கிறன்."

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் என் பங்குக்குச் சேர்த்தேன், அதை இங்கே எழுத அப்பா விடமாட்டார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தட்டைத் திருப்பித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். இன்னும் யோசிக்கிறார்.

யோசிக்கட்டும். உங்களுக்கு நான் தரும் வாக்கு இதுதான். அவர் பட்டறை நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழ உங்கள் பெயரை முழுதாகச் சொல்லி, இவர் ஒரு பிழையும் செய்யவில்லை என்று சொல்லும்வரை அந்த ஒழுங்கையில் ஒரு மெசினும் நிம்மதியாக வாழாது. புது வாள் வாங்கினால் வாளுக்கு அறிவித்தல், கதவு ஏற்ற வான் வாங்கினால் வானுக்கு அறிவித்தல். உப்புக்கோப்பிக்காரருக்கும் ஒரு சொல்: நீங்கள் பரப்பிய கதையை நீங்களே வீடு வீடாகப் போய்த் திருத்துங்கள். வரும்போது கோப்பி தருகிறேன்.

மன்னித்துவிடு பிள்ளை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சித்தப்பா, அதுக்கு எனக்கு இன்னும் வயசு வரேல்லை.

இப்படிக்கு,
உங்கள் குழப்படிக்காரப் பெறாமகள்,
வதனி