புட்டுக்குழல் விளக்கு

மார்ச் 3, 2025

எங்கள் தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே ஓடிய பழைய ஃபெரி நின்றுபோய் வேகப்படகு ஓடத் தொடங்கிய வருஷம் வாங்கிய லோரி இது. என் மனைவி ஜெயலெட்சுமி அதற்கு ஓர் எண் சொல்கிறாள். எனக்கு வருஷங்கள் எண்ணாக நிற்பதில்லை. படகாகவும் பாலமாகவும்தான் நிற்கும். எழுத்தும் என் கைக்கு வரவில்லை. நான் சொல்லச் சொல்ல, அவள் அதை ஏட்டுத் தமிழில் போடுகிறாள். நடுவில் அவள் சிரிப்பது இதில் வராது.

இன்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிந்தது. மகள் குமுதா ஓட்டினாள், நான் பக்கத்தில். சூலியா தெருக் கடைகளுக்கு அரிசி, வெங்காயம். நோன்பு மாதம், தெரு நெரிகிறது. பொம்பளை லோரி ஓட்டுகிறாள் என்று முதலில் சிரித்த முதலாளிகள், இப்போது அவள் பத்து நிமிஷம் பிந்தினால் போன் போடுகிறார்கள்.

விளக்கு மஞ்சள். ஒரு குழல், அதற்குள் புள்ளி புள்ளியாக. “புட்டுக்குழல் எரியுது” என்றேன்.

“அப்பா, அது புகை வடிகட்டி.”

எனக்குப் புட்டுக்குழல்தான்.

மார்ச் 6

லோரி ஓடவில்லை, நடக்கிறது. மெக்கலிஸ்டர் ரோட்டில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துக் கையும் காட்டினார்.

மார்ச் 10

மூன்றாவது தடவையாக ஒர்க்‌ஷாப். மெக்கானிக் ஜாஹிர் தன் கணினியை மாட்டி, நின்ற இடத்திலேயே லோரியை அரை மணி நேரம் இரைய வைத்தான். கொட்டகையே கொதித்தது. நோன்பு வாயோடு நின்றான், பாவம்.

“ஐயா, பொகக்கொழாயில கரி பிடிக்கிற சட்டி ஒண்ணு இருக்கு. நெறஞ்சா வண்டியே இஞ்சினை ஏத்தி, கரிய எரிச்சுக்கும். உங்க வண்டி எரிக்கவே மாட்டேங்குது லா. ஏன்னே தெரியல.”

இந்த ஊரில் பேச்சு ‘லா’வில்தான் முடியும். அடுத்த தடவை சட்டியையே மாற்ற வேண்டுமாம். விலையைக் கேட்டுக் குமுதா லோரியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், “வித்துடலாம்பா. நான் ஃபேக்டரிக்கே போயிடறேன்” என்றாள்.

பயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் இருந்தவள். அங்கிருந்து சிரித்துக்கொண்டு வீடு வந்ததே இல்லை. லோரியில் ஏறிய பிறகுதான் பாட ஆரம்பித்தாள். சுருதி சேராது. இருந்தால் என்ன? இன்று பாடவில்லை.

மார்ச் 11

ஐயோ. நான்தான். எல்லாம் நான்தான்!

காலையில் குமுதா பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள். நின்ற லோரி தானாகவே இரைச்சலை ஏற்றியது. என் கை போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தது. கை சாவியிலேயே நின்றுவிட்டது. ஜாஹிர் சொன்னானே — வண்டியே இஞ்சினை ஏற்றிக் கரியை எரிக்கும் என்று?

நிற்கிற வண்டி எண்ணெய் குடிக்கக்கூடாது. நாற்பது வருஷப் பழக்கம். சும்மா இரைந்தால், கொழுப்பெடுத்து இரைகிறது என்று அணைத்துவிடுவேன். எத்தனை நாள்! அது எரிக்கத் தொடங்கும்போதெல்லாம் நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

குமுதாவிடம் சொல்வதா? ஜெயலெட்சுமி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “எங்கிட்டச் சொன்னா ஆச்சா? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. அப்பறந்தான் எழுதுவேன்.”

மார்ச் 12

சொன்னேன்.

“ஒவ்வொரு தடவையுமாப்பா?”

“ஒவ்வொரு தடவையும்.”

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பார், ஸ்டியரிங்கில் சாய்ந்து, ஹாரன் அலற அலற. முன்னால் போன மோட்டார் சைக்கிள் ஒதுங்கி வழி விட்டது.

ஜாஹிர் போனில் சொன்னான்: “சட்டிய மாத்த வேணாம் லா. வாரம் ஒரு தடவ பாலம் தாண்டி ஹைவேயில அரை மணி நேரம் விடுங்க. ஐயா கைய மட்டும் கட்டி வைங்க.”

மார்ச் 16

ஞாயிறு. பாலத்தைத் தாண்டித் தெற்கே விட்டாள் குமுதா. ஜாவி வரும்போது புட்டுக்குழல் அணைந்தது. நான் கை தட்டினேன்.

“அரை மணி நேரம் எங்கப்பா முடியுது?” என்றாள், தெரியாதவள் மாதிரி.

நிபோங் திபாலில் முடிகிறது. அங்கே பைராம் தோட்டம். அங்கே பிச்சைமுத்து.

பாலம் திறந்த வருஷம் மூன்று பேர் சேர்ந்து ஒரு லோரி வாங்கினோம். நான், பிச்சைமுத்து, யாழ்ப்பாணத்துக்காரர் ஐயாத்துரை. எங்கள் இருவருக்கும் எழுத்து இல்லை; வந்த தாளையெல்லாம் ஐயாத்துரைதான் படித்துச் சொல்வார். பிச்சைமுத்து எங்கே நிறுத்தினாலும் இஞ்சினை அணைக்கமாட்டான். காமன்வெல்த் விளையாட்டு நடந்த வருஷம், தேத்தண்ணிக் கடை வாசலில் பத்துப் பேர் பார்க்க, சாவியைப் பிடுங்கி, “ஒங்கப்பன் வீட்டு எண்ணெயாடா?” என்று கேட்டேன். அவன் அப்பா செத்துப் பதினாறுகூட முடியவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தான், நடந்துபோனான். அதோடு சரி.

இன்று வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பல் இல்லை. என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்த லோரியைப் பார்த்தான்.

“என்னடா ரெங்கா, இஞ்சினை அணைக்கலையா?”

“அணைக்கக்கூடாதாம்.” சட்டி, கரி, என் கை, எல்லாம் சொன்னேன்.

தொடையில் அடித்துக்கொண்டான். “அப்பவே சொன்னேன் லா!”

“அந்த லோரிக்குச் சட்டியே கெடையாதுடா. சும்மா எண்ணெயக் கொட்டுன.”

“ஆமா லா, கொட்டுனேன்!”

“பிச்சை, அன்னைக்கு ஒங்கப்பாவ இழுத்து...”

“தேத்தண்ணி ஆறுது, உள்ள வா” என்றான்.

மார்ச் 23

லோரிக்குள் உட்கார்ந்தே எழுதுகிறோம், பைராம் வீட்டு வாசலில். எழுத்து ஆடினால் அது இஞ்சின். ஜெயலெட்சுமியைக் குறை சொல்லக்கூடாது.

ஒரு வாரமாகப் புட்டுக்குழல் எரியவில்லை. பாலத்தில் ஏறியதிலிருந்து குமுதா பாடிக்கொண்டே வந்தாள். விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன கறி என்று மட்டும் இந்த வீட்டில் கேட்டு வைத்திருக்கிறாள்.

முதல் லோரியின் மூன்று பேரில் ஐயாத்துரை கொரோனா வருஷம் போய்விட்டார். என்னை நானே எண்ணிக்கொள்வது சரியில்லை. பாக்கி ஒருத்தன்தான். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, நான் அணைத்துவிடாதபடி, மாட்டியபடியே இருக்கும் சாவியைக் கையால் பொத்திக்கொண்டு, “என் பேரையும் எழுதச் சொல்லுடா” என்கிறான்.

எழுது, ஜெயலெட்சுமி: பிச்சைமுத்து.